மூலபாடமும் இரண்டு யமஹாக்களும்

எங்கள் கல்லூரியில் பொருளியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தேநீர்க் கடையில் வைத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பிள்ளைகளின் படிப்புச் செலவு ஓரளவு முடிந்துவிட்டது, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, நெடுநாள் ஆசைப்படி பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பாதுகாக்கப் போகிறேன், ராஜ்தூத் 350 வாங்கலாமா, யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கலாமா என்பது கேள்வி. “இதைப் போய்த் தமிழ் வாத்தியாரிடம் கேட்கிறீர்களே” என்றேன். “உங்கள் வீட்டில்தானே சார் ஆர்எக்ஸ் இருந்தது” என்றார்.

‘இருந்தது’ என்ற அந்த இறந்தகாலம் என்னைச் சற்றே தைத்தது. அன்று அவரிடம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். சொல்லாமல் விட்ட பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இலக்கியம் பேசும் இடத்தில் மோட்டார் சைக்கிளா என்று வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். நான் இதைப் பதிப்பியல் சார்ந்த ஒரு கேள்வியாகத்தான் பார்க்கிறேன். பழைய பொருள் ஒன்றைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லும்போது நாம் எதைக் காப்பாற்றுகிறோம் என்பதுதான் அந்தக் கேள்வி.

*

முதலில் வண்டிகளின் கதை.

எண்பதுகளின் தொடக்கம் வரை நம் சாலைகளில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் பெயர்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். புல்லட், யெஸ்டி, ராஜ்தூத். இவற்றில் ராஜ்தூத் என்பது எஸ்கார்ட்ஸ் நிறுவனம் போலந்து நாட்டு வடிவமொன்றின் உரிமம் பெற்றுச் செய்த 175 சிசி வண்டி. கிராமத்துப் பால்காரர்களும் வட்டிக்கடைக்காரர்களும் அதை மாட்டுவண்டி போலவே உழைக்க வைத்தார்கள். அதே எஸ்கார்ட்ஸ் 1983இல் அதே ராஜ்தூத் பெயரைச் சூட்டி முற்றிலும் வேறொரு வண்டியை இறக்கியது. யமஹாவின் ஆர்டி 350 என்ற ஜப்பானிய வண்டியின் இந்திய வடிவம் அது. ஜப்பான் அதை உலகச் சந்தைக்கு அனுப்பியது 1973இல். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் இடத்துக்கு ஆர்டி 400 வந்துவிட்டது. உலகம் பக்கத்தைப் புரட்டிப் பத்தாண்டு ஆகப்போகும் வேளையில் அந்தப் பழைய அதிகாரம் இந்தியாவில் மறுபதிப்பாக வந்தது.

அதைத் தொடர்ந்து நூறு சிசி அலை எழுந்தது. 1984இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசூகி ஏஎக்ஸ் 100, 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டின் இறுதியில் எஸ்கார்ட்ஸின் யமஹா ஆர்எக்ஸ் 100, அடுத்த ஆண்டு கவாசாகி பஜாஜ் கேபி 100. இந்த நால்வரில் இன்று பெயர் சொன்னதும் கண்கள் விரிவது ஆர்எக்ஸ் 100 ஒன்றுக்குத்தான். அதன் உற்பத்தி 1996இல் நின்றது. எங்கள் தேனி, மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதும் அதே 1996இல்தான். கம்பம் பள்ளத்தாக்கின் பழைய காலம் ஒன்று அந்த ஆண்டோடு முடிந்ததாக எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அது என் வயதின் மயக்கமாகவும் இருக்கலாம்.

இரண்டுமே டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். இரண்டிலுமே கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ‘ரீடு’ எனப்படும் மெல்லிய தகடுகள் உண்டு. எஞ்சின் மூச்சை உள்ளிழுக்கும்போது அவை திறந்து வழிவிடும். உள்ளே போன கலவை திரும்பி வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். ரீடு என்ற சொல் நமக்குப் புதிதன்று. மதுரை வட்டாரத்து இசை நாடக மேடையில் கால் ஆர்மோனியம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது நன்கு பழகிய சொல். யமஹா நிறுவனத்தின் தொடக்கமும் அங்கேதான் இருக்கிறது. தொராகுசு யமஹா என்பவர் 1887இல் ஹமாமாட்சு நகரில் ஒரு ரீடு ஆர்கனைச் செய்ததிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. மோட்டார் சைக்கிள் நிறுவனம் தனியாகப் பிரிந்தது 1955இல். இன்றும் அதன் சின்னத்தில் மூன்று இசைக்கவைகள் இருக்கின்றன. 1887 என்பது உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்ட ஆண்டும்கூட. இது தற்செயல்தான். ஆனால் தமிழாசிரியனுக்கு இப்படிப்பட்ட தற்செயல்கள் கண்ணில் படாமல் போவதில்லை.

*

எண்களை வைத்துப் பார்த்தால் ஒப்பீடே அநியாயம்.

ஆர்டி 350க்கு 347 சிசி, இரண்டு சிலிண்டர்கள், இரண்டு கார்புரேட்டர்கள், ஆறு கியர்கள். ஜப்பானிய மூலத்தில் 39 குதிரைத்திறன் என்று சொல்லப்பட்ட எஞ்சின், இந்தியாவுக்கு வந்தபோது எரிபொருள் சிக்கனம் கருதி 30.5 ஆகக் குறைக்கப்பட்டது. அதுவும் பெட்ரோலைக் குடிக்கிறது என்று புலம்பல் எழவே, பின்னால் 27 குதிரைத்திறன் கொண்ட இன்னொரு வடிவம் வந்தது. சேகரிப்பாளர்கள் முன்னதை ‘எச்டி’ என்றும் பின்னதை ‘எல்டி’ என்றும் சொல்வார்கள். ஹை டார்க், லோ டார்க். ஆர்எக்ஸ் 100க்கோ 98 சிசி, ஒரே சிலிண்டர், நான்கு கியர், 11 குதிரைத்திறன். ஆனால் எடை நூறு கிலோவை ஒட்டித்தான். அந்த எடைக்கு அந்தச் சக்தி என்பதுதான் அதன் புகழின் ரகசியம். வேறொன்றுமில்லை.

எண்களை விட்டுவிட்டு மலைப்பாதைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. எங்கள் பள்ளத்தாக்கில் எந்த வண்டியையும் மலைதான் மதிப்பிடும். போடிமெட்டு ஏறப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். குமுளிப் பாதையும் கம்பம்மெட்டுப் பாதையும் தம் பங்குக்கு வளைகின்றன. ஏலக்காய்க்காகவும் தோட்ட வேலைக்காகவும் இங்குள்ளவர்கள் நாள்தோறும் ஏறி இறங்கிய பாதைகள் அவை. ஏற்றத்தில் ஆர்டி 350 ராஜாதான். ஆனால் அதன் முழு பலம் வெளிப்படுவது எஞ்சின் வேகமாகச் சுழலும்போது மட்டுமே. வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து போகும் பாதையில் அந்த உச்சத்தை எட்டுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கையும் காலும் ஓயாமல் கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆர்எக்ஸ் இலேசான வண்டி என்பதால் வளைவுகளில் தடுமாறுவதில்லை. இரண்டாவது கியரில் போட்டால் முணுமுணுக்காமல் ஏறும்.

இறக்கத்தில்தான் உண்மையான சோதனை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பாரமெல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழும். ஜப்பானிய ஆர்டியில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்தது. இந்திய வடிவத்தில் அதை எடுத்துவிட்டு டிரம் பிரேக் வைத்தார்கள். முப்பது குதிரைகளைப் பூட்டிவிட்டுக் கடிவாளத்தைச் சிக்கனமாக்கிய கதை இது. ஆர்டி என்றால் ‘ரேபிட் டெத்’ என்று இளைஞர்கள் பேசிக்கொண்ட கசப்பான வேடிக்கை இதனால்கூட வலுப்பெற்றிருக்கலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த வண்டிகளில் எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெயைத் தனிப் பம்ப் ஒன்று அளந்து ஊற்றுகிறது. ஆக்சிலேட்டரைத் திருகத் திருக எண்ணெயும் கூடும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு வண்டியைக் கியரிலேயே ஓடவிட்டால், எஞ்சின் வேகமாகச் சுழலும். எண்ணெயோ சொட்டளவுக்குக் குறைந்துவிடும். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ‘சீஸ் ஆகிவிட்டது’ என்பார்கள். அதனால் பழைய மலைப்பாதை ஓட்டிகள் இறங்கும்போது நடுநடுவே ஆக்சிலேட்டரை ஒருமுறை சுண்டிவிடுவார்கள். என் அப்பாவிடமும் இந்தப் பழக்கம் இருந்தது. மாலையில் அவர் மலை இறங்கி வரும்போது வண்டியின் ஓசையில் சீரான இடைவெளியில் ஒரு சிறு உறுமல் கேட்கும். அது வெறும் விளையாட்டு என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன். ஆர்டியில் இந்தக் கவலை இருமடங்கு. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒத்திசைந்து ஓடாவிட்டால் ஒன்று மற்றொன்றின் சுமையைத் தாங்க நேரும். அந்த ஒத்திசைவைக் காதாலேயே கண்டுபிடித்துச் சரிசெய்யும் மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள்.

*

இனி சேகரிப்பாளரின் பார்வைக்கு வருகிறேன்.

பொதுவாக ஒப்பிடுகிறவர்கள் சொல்வது இதுதான். ஆர்டி அரிது, ஆகவே மதிப்பு அதிகம். ஆர்எக்ஸ் ஏராளம், ஆகவே மதிப்பு குறைவு. மகேந்திர சிங் தோனி போன்றவர்கள் ஆர்டி மேல் கொண்ட காதல் ஊரறிந்தது. நல்ல நிலையில் உள்ள ஆர்டிக்கு இன்று பல லட்சம் கேட்கிறார்கள். ஆர்எக்ஸும் லட்சத்தைத் தாண்டி விற்கிறது. இந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் இது சந்தைக் கணக்கு. சேகரிப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. என் முன் நிற்கும் இந்த வண்டி எந்த அளவுக்கு அதன் மூலபாடத்தோடு இருக்கிறது?

பழைய நூல் ஒன்றைப் பதிப்பிக்கிறவர் பல சுவடிகளை ஒப்பிடுகிறார். ஓரிடத்தில் பாடபேதம், ஓரிடத்தில் ஏடெழுதியவரின் கைப்பிழை, ஓரிடத்தில் யாரோ ஒரு ஆர்வலர் தன் பங்குக்குச் செருகிய பாட்டு. அதிகம் ஓதப்பட்ட நூலில்தான் இடைச்செருகலும் அதிகம். யாரும் தொடாத நூலைச் செல்லரிக்கும், ஆனால் யாரும் அதில் கைவைத்திருக்க மாட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

ஆர்எக்ஸ் 100 மக்கள் அளவுகடந்து நேசித்த வண்டி. அந்த நேசமே அதைச் சிதைத்தது. ஆர்எக்ஸ் 135இன் எஞ்சினை எடுத்து ஆர்எக்ஸ் 100இன் சட்டத்தில் பூட்டுவார்கள். ஓசைக்காகச் சைலன்சரை மாற்றுவார்கள். சிலிண்டரைக் குடைந்து வேகம் கூட்டுவார்கள். முதலில் வந்த வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு பூட்டப்பட்டவை. அவற்றின் எஞ்சினில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று பொறித்திருக்கும். அந்த எழுத்துக்கு இன்று தனி விலை கிடைப்பதால் எழுத்தை மட்டும் புதிதாகப் பொறித்துத் தருகிற கைகளும் முளைத்துவிட்டன. திருட்டு வண்டிகளில் சேஸிஸ் எண்ணைச் சுரண்டி மாற்றிக் குத்துவதும் நடக்கிறது. சுவடியின் இறுதி ஏட்டில் ஆசிரியர் பெயரையே மாற்றி எழுதுவதைப் போன்றது இது.

ஆர்டியின் சிக்கல் வேறு வகை. எண்ணிக்கை குறைவு, உதிரிப்பாகம் நின்று பல காலமாயிற்று. ஆகவே பிழைத்திருக்கும் வண்டிகளில் பலவும் இரண்டு மூன்று வண்டிகளைப் பிரித்துச் சேர்த்தவை. எல்டியை எச்டி ஆக்குவார்கள். வெளிநாட்டு ஆர்டியின் டிஸ்க் பிரேக்கை வரவழைத்து மாட்டுவார்கள். உயிர்ப் பாதுகாப்பு கருதிச் செய்யும் இந்த மாற்றத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அப்படி மாட்டிய வண்டியை ‘அசல்’ என்று சொல்லி விற்பது வேறு விஷயம். ஜப்பானிய மூலம் வேறு, இந்தியப் பாடம் வேறு. டிரம் பிரேக்கோடு கூடியதுதான் நமது ஆர்டி. அது குறைபாடு உள்ள பாடம்தான், ஆனால் வரலாற்றில் உண்மையாக இருந்த பாடம்.

ஆகவே அரிது, ஏராளம் என்பது மேலோட்டமான பிரிவு. அரிதான ஆர்டியில் அசலைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், ஏராளமான ஆர்எக்ஸிலும் அசல் அதே அளவுக்கு அரிதாகிவிட்டது.

*

இங்கே ஒரு மறுப்பு எழும். வண்டி என்பது ஓலைச்சுவடி அல்லவே, ஓடினால் தேயத்தானே செய்யும், பிஸ்டன் மாற்றினால் அதுவும் இடைச்செருகலா என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓலையும்தான் தேய்கிறது. சில நூற்றாண்டுகளுக்குள் ஒரு சுவடி மக்கிவிடும் என்பதால்தான் நம் முன்னோர் மறுபடி மறுபடி படியெடுத்தார்கள். படியெடுக்காமல் இருந்திருந்தால் சங்க நூல்களே நமக்குக் கிடைத்திருக்காது. டயரும் செயினும் பிஸ்டன் வளையமும் மாற்றுவது படியெடுப்பதைப் போன்றது. அது வண்டியை வாழவைக்கிறது. நான் அஞ்சுவது வேறொன்றை. வண்டி பட்ட பாட்டின் சான்றுகளை அழித்துவிட்டு, பட்டபாடே இல்லாததுபோல் அதை நிறுத்துவது. இதற்கு இன்று ‘ரெஸ்டோரேஷன்’ என்று பெயர். என் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பாவத்தை நானே செய்தேன்.

அப்பா ஏலக்காய் வியாபாரம் செய்தவர். பெரிய வியாபாரமில்லை. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் சிறு தோட்டக்காரர்களிடம் வாங்கி வந்து கொடுப்பார். 1991இல் ஆர்எக்ஸ் 100 வாங்கினார். இருபது வருடம் அந்த ஒரே வண்டிதான். டேங்கின் இருபுறமும் அவர் முழங்கால் பட்ட இடத்தில் கருப்புச் சாயம் தேய்ந்து உலோகம் தெரியும். மழைநாளில் ஒரு வளைவில் விழுந்த பள்ளம் ஒன்று டேங்கின் வலப்பக்கம் உண்டு. எஞ்சின் இறக்கி வேலை பார்த்த நாட்களைப் பக்க மூடியின் உட்புறத்தில் ஆணியால் கீறி வைத்திருப்பார். தேதி, எத்தனையாவது போர், எவ்வளவு செலவு. சில தேதிகளுக்குப் பக்கத்தில் ஒற்றைச் சொல் இருக்கும். ‘தங்கச்சி கல்யாணம்’ என்று ஓரிடத்தில் கீறியிருந்தது நினைவிருக்கிறது. செலவைத் தள்ளிப்போட்டதற்கான காரணமாக இருக்கலாம்.

2012இல் நான் வேலையில் நிலைத்த பிறகு, அப்பாவுக்கு மகிழ்ச்சி தர வேண்டும் என்று நினைத்து, வண்டியை வெளியூரில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். புத்தம் புதிது போல் ஆக்கித் தருவதில் பெயர் பெற்ற பட்டறை என்று சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து வண்டி வந்தது. கண்ணாடிபோல் மின்னியது. புதிய டேங்க், புதிய பக்க மூடிகள், புதிய ஸ்டிக்கர். அப்பா சுற்றி வந்து பார்த்தார். உதைத்துக் கிளப்பினார். சற்று நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “சத்தம் நம்ம வண்டி மாதிரி இல்லியேப்பா” என்றார். பழைய கார்புரேட்டர் போய் வேறொன்று வந்திருப்பதைப் பின்னர்தான் எங்கள் மெக்கானிக் அண்ணன் கண்டுபிடித்துச் சொன்னார். பிறகு அப்பா குனிந்து பக்க மூடியைக் கழற்றி உட்புறம் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மறுபடி மாட்டினார்.

பட்டறைக்குத் தொலைபேசியில் பேசினேன். பழைய மூடியைக் கழிவோடு போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. புதிதாக்கு என்று சொன்னவன் நான்.

அதன்பின் அப்பா வண்டியை அதிகம் எடுக்கவில்லை. மலைக்குப் பேருந்தில் போகத் தொடங்கினார். வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். அவர் காலமான பிறகு வண்டியை விற்றேன். வாங்க வந்தவர் பளபளப்பில் மயங்கி, “முழுக்க ஒரிஜினலா சார்?” என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்ததைவிட அதிக விலை கொடுத்து எடுத்துப் போனார். வகுப்பில் இடைச்செருகல் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த முகம் நினைவுக்கு வருகிறது.

*

அரசாங்கமும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பது எனக்கு வியப்பளித்தது. பழம்பெரும் வாகனங்களுக்கென மத்திய அரசு 2021இல் தனி விதிகளை வெளியிட்டது. அதன்படி ‘விண்டேஜ்’ என்ற தகுதி பெற முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது. சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்டவும் கூடாது. நம் ஆர்டி 2033இலும் ஆர்எக்ஸ் 2035இலும்தான் அந்த வயதை எட்டும். இன்று 135 எஞ்சினைப் பூட்டிக்கொண்டு திரியும் ஆர்எக்ஸ்கள் அன்று அந்த வாசலில் நிற்க முடியாது.

அதுவரை இவை சட்டத்தின் முன் வெறும் பழைய வண்டிகள். பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருபது ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் இரண்டாயிரம் ரூபாயாக உயர்ந்தது. வாங்குகிறவர் புதுப்பிப்பு தொடர்ந்து நடந்திருக்கிறதா என்று ஆர்.சி.யில் பார்க்க வேண்டும். விட்டுப்போன வண்டியை மீட்பதற்குள் ஆசையே அற்றுப்போகும். பெட்ரோலும் மாறிவிட்டது. இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று எங்கும் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலோடு வண்டியை நிறுத்திவைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். ஒன்று ஓட்ட வேண்டும், அல்லது வடித்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் உள்ளே போகும் கலவையின் ஒரு பகுதி எரியாமலேயே புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எண்ணெயும் சேர்ந்தே எரிகிறது. மாசு விதிகள் இறுகியபோது இவ்வண்டிகள் மறைந்ததில் அநீதி ஒன்றுமில்லை. ஆர்எக்ஸ் பெயரை மீண்டும் கொண்டுவரும் எண்ணம் உண்டு என்று யமஹாவின் இந்தியத் தலைமை 2022இல் சொன்னபோது இளைஞர்கள் துள்ளினார்கள். பெயர் வரலாம், அந்த ஓசை வராது. பழையதை நாள்தோறும் ஓட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. மாதம் ஒருமுறை, வீரபாண்டி வரையோ சின்னமனூர் வரையோ போய்த் திரும்பினால் போதும். வண்டிக்கும் அது நல்லது, காற்றுக்கும் பெரிய கெடுதி இல்லை.

*

இனி நண்பரின் கேள்விக்கு என் முடிவு.

ஆர்டி 350 பொறியியல் அழகில் மேலானது. அதில் ஐயமில்லை. காப்பியத்தின் விரிவும் கம்பீரமும் அதில் உண்டு. ஆனால் அதை வைத்துக்கொள்ள இரண்டாவது ஆர்டி ஒன்று உதிரிப்பாகத்துக்கு வேண்டும், அதன் இரட்டைச் சிலிண்டரைக் காதால் அறியும் மெக்கானிக் பக்கத்தில் வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் இரண்டுக்கும் வழியில்லை. இங்கே வாங்கினால் அது கூடத்தில் நிற்கும் பொம்மையாகிவிடும். மேலும் அது எங்கள் ஊரின் வாழ்வில் கலந்த வண்டியன்று. அதில் யாரும் ஏலக்காய் மூட்டை கட்டியதில்லை, திராட்சைக் கூடை கட்டியதில்லை.

ஆர்எக்ஸ் 100 வாங்குங்கள் என்றேன். ஆனால் மின்னும் வண்டியை வாங்காதீர்கள். ஒரே கையில், அல்லது ஒரே குடும்பத்தில் இருந்த வண்டியாகப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். குத்திய எழுத்துகள் ஒரே ஆழத்தில் ஒரே வரிசையில் இருக்கின்றனவா, சுற்றிலும் சுரண்டிய தடம் உண்டா என்று பாருங்கள். சாயம் போயிருந்தால் போகட்டும். பள்ளம் இருந்தால் இருக்கட்டும். வாங்கிய பிறகு எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் தாராளமாகச் செலவு செய்யுங்கள், சாயத்துக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கழற்றிய பழைய பாகத்தை எறியாமல் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். நாளை உங்கள் பிள்ளை அதை விற்கும்போது, எது அசல், எது மாற்று என்று மறைக்காமல் சொல்லக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அந்த நோட்டு இருந்தால் வண்டி எத்தனை முறை பிரித்துப் பூட்டப்பட்டாலும் பாடம் கெடாது.

இதைக் கேட்டுவிட்டு நண்பர் சிரித்தார். “பழுதான வண்டியாகப் பார்த்து வாங்கச் சொல்லுகிறீர்கள்” என்றார். ஆனாலும் கேட்டுக்கொண்டார். தேவாரம் பக்கம் ஒரு விவசாயி வீட்டுத் திண்ணை ஓரத்தில் 1989ஆம் ஆண்டு வண்டி ஒன்று நிற்கிறதாம். டேங்க் வெளுத்துவிட்டது, ஓடி மூன்று வருடம் ஆகிறது, பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தகவல். வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம். எஞ்சினை அவர் பார்த்துக்கொள்ளட்டும். நான் பக்க மூடியைக் கழற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.